மலையம்மாளும் மயிலின் கண்புழுவும்

கால்நடை மருந்தகத்தில் மாட்டின் காலைக் கட்டிப் பிடிப்பதும் ஆட்டின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றுவதும் என் வேலை. அரசாங்கம் எனக்குக் கொடுத்திருக்கும் பெயர் உதவியாளர். ஊர் கொடுத்திருக்கும் பெயர் கம்பவுண்டர். பெற்றவர்கள் வைத்த சேவுகப்பெருமாள் என்ற பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

மயிலைக் கண்டதும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிட வருவார்கள். திரும்பும் வழியில் பழைய வீடு பார்க்கிறோம் என்று கண்டனூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குள் காரை விடுவார்கள். ஏதாவது ஒரு வீட்டின் கைப்பிடிச் சுவரில் மயில் நின்றால் கார் நடுரோட்டில் நின்றுவிடும். அழகுதான், யார் இல்லை என்றது? அதே மயில் கீழே இறங்கி, விதைத்த கடலையை வரிசை பிசகாமல் கிளறித் தின்னும்போது காட்டுக்காரர் பெத்தனின் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம். அதை யாரும் எடுப்பதில்லை.

பெத்தனின் கடலைக்காடு சாலா ஆச்சி வீட்டுப் பின்சுவரை ஒட்டியது. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் மலையம்மாள். இருவருக்கும் நடுவில் ஒரு சுவரும் ஏழெட்டு மயில்களும் இருந்தன. சுவரால் எந்தத் தொல்லையும் வந்ததில்லை.

மலையம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கொத்தமங்கலத்தில் பிறந்தவள். புருஷன் லாரி ஓட்டப் போன இடத்தில் இறந்துபோக, மகள் அபியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வேலைக்கு வந்தாள். அபி இப்போது திருப்பூரில் குடித்தனம் நடத்துகிறாள். சாலா ஆச்சியின் குடும்பம் சென்னையில் இருக்கிறது. பங்காளிகள் கூடுகிற விசேஷம் வந்தால்தான் கதவுகள் எல்லாம் திறக்கும். மற்ற நாளில் அவ்வளவு பெரிய வீட்டுக்கும் அவள் ஒருத்திதான். முகப்பில் பெருக்க ஆரம்பித்து, வளவு, இரண்டாங்கட்டு என்று நகர்ந்து பின்கட்டைத் தொடுவதற்குள் முகப்பில் மறுபடி தூசி படிந்திருக்கும். "இந்த வீட்டுல தூசியும் நானுந்தான் நெரந்தரமான பங்காளிக" என்பாள்.

வாய் கொஞ்சம் அதிகம். ஆட்டைப் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தால், ஆட்டுக்கு என்ன என்று நான் கேட்பதற்குள் எனக்கு என்ன என்று அவள் கேட்டுவிடுவாள். "என்ன கம்பவுண்டரே, மொகம் தொங்கிக் கெடக்கு? வீட்டுல சோறு போடலயா?" நல்ல மனசுக்காரி. அதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதைத்தான் நம்மால் தாங்க முடியாது.

அந்த வீட்டின் பின்கட்டு பாதி பாழ். ஓடு சரிந்து, உத்திரம் மக்கி, தரைக்கல் பெயர்ந்து, மண் எப்போதும் ஈரமாகக் கிடக்கும். அந்த மண்ணுக்குள் ஒரு சாதிக் கரப்பான் உண்டு. அடுப்படியில் ஓடுவதைவிடக் குட்டை, நல்ல கறுப்பு. மண்ணைக் கிளறினால் பளபளவென்று வெளியே வந்து மறுபடி புதைந்துகொள்ளும். ஒரு மழைக்காலத்தில் மலையம்மாள் அவற்றை முறத்தில் அள்ளிப் பின்வாசலில் கொட்டினாளாம். குஞ்சுகளோடு ஒரு பெட்டை மயில் சுவரை விட்டு இறங்கி வந்து ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனதாம். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் கூட்டாளிகளோடு வந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பின்கட்டைக் கூட்டி அள்ளியதை மயிலுக்குக் கொட்டுவாள். முறத்தை இரண்டு தட்டுத் தட்டினால் மயில்கள் சுவரில் வரிசையாக வந்து நிற்கும்.

"முருகன் வாகனத்துக்கு அரிசி போட எனக்கு வக்கு ஏது? அவரே கரப்பானா அனுப்பி வைக்கிறாரு" என்று கையைக் கூப்புவாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெத்தன் வேறு விதமாகக் கையைத் தூக்குவார். "நீ விருந்து வச்சுப் பழக்கிவிட்டுட்டு, மிச்சப் பசிக்கு எங் காட்டுக்கு அனுப்புறியாக்கும்?"

"சாமி வாகனத்தை வையாதீக. வெளங்க மாட்டீக."

"உங்க சாமியை வேலியடச்சு வளக்கச் சொல்லு!"

இருவரும் ஒரே சனம்தான். முறைக்குப் பார்த்தால் அவர் அவளுக்கு மாமா. சண்டை முற்றிய பிறகு அவள் அவரை 'அந்தாளு' என்றுதான் சொல்வாள். போன ஆடியில், விதைத்த இரண்டாம் நாளே பாதிக் கடலையை மயில் கிளறிவிட்ட கோபத்தில், டீக்கடையில் நின்றுகொண்டு பெத்தன் ஒரு வார்த்தை விட்டார். "ஒரு நாளைக்கு மருந்து வச்சுவிட்டாத்தான் இந்தத் தொல்லை தீரும்." பாழாய்ப்போன வாய். டீக்கடையில் சொன்னது அரை மணியில் ஊருக்கே தெரியும்.

அதே ஆடியில்தான் சாலா ஆச்சி சென்னையிலிருந்து வந்திருந்தார். பேத்தி ஜனனிக்கு ஆவணியில் கல்யாணம். கல்யாணம் இந்த வீட்டில்தான் நடக்க வேண்டும், அவர்கள் குடும்பத்தில் அப்படித்தான். ஆச்சி நிலைக்கதவைத் தட்டிப் பார்த்தபோது உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்டது. கரையான். காரைக்குடியிலிருந்து ஆள் வரவழைத்தார். அவர்கள் சுவரை ஒட்டித் தரை நெடுக ஓட்டை போட்டு, மண்ணுக்குள் கரையான் மருந்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள், ஆடு மாடு எதையும் அண்ட விடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மலையம்மாளும் சொன்னபடி செய்தாள். கிணற்றை மூடினாள். ஆடுகளைக் கொண்டுபோய் வாசல் பக்கம் கட்டினாள். ஆச்சி திருப்தியாகச் சென்னைக்குத் திரும்பினார்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் மலையம்மாளின் அலறல் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் பெத்தனின் காட்டில், விதைத்த சால் மேலேயே மயில்கள் செத்துக் கிடந்தன. தோகை எல்லாம் மண். ஒரு பெட்டை மட்டும் சுவரோரம் கழுத்தைத் தரையில் போட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தது. மலையம்மாள் அதை மடியில் போட்டுக்கொண்டு, பிள்ளை செத்த வீட்டில் அழுவதுபோல அழுதாள். பிறகு எழுந்தாள். நேரே பெத்தன் வீட்டு வாசலுக்குப் போனாள். இரண்டு கையாலும் தெரு மண்ணை வாரி அந்த வாசலைப் பார்த்துத் தூற்றினாள்.

"வாயில்லாச் சீவனைக் கொன்னவன் குடும்பம் வெளங்குமா? முருகன் கேப்பான்டா! நீ மண்ணாப் போவ!"

எங்கள் பக்கம் அது சாதாரணக் காரியம் இல்லை. கெட்ட வார்த்தை பேசினால் மன்னித்துவிடுவார்கள். மண்ணை வாரித் தூற்றினால் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். பெத்தனின் மகள் நாகஜோதி வாசலில் உறைந்துபோய் நின்றாள். பின்னாலேயே பெத்தன் வந்தார். அவருடைய தலை முடியில்கூட மண் விழுந்திருந்தது.

வனத்துறை ஜீப் வந்தது. மயில் என்றால் சும்மா இல்லை, உள்ளே தள்ளுகிற குற்றம். ரேஞ்சர் சத்தியமூர்த்தி முறையான ஆள். யார் பார்த்தது என்று கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் பெத்தன் கையில் மருந்து பாட்டிலோடு காட்டுக்குள் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக மலையம்மாள் சொன்னாள். அது உண்மைதான். டீக்கடையில் அவர் பேசியதையும் சொன்னாள். அதுவும் உண்மைதான். எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். பெத்தனின் மோட்டார் கொட்டகையில் தேடினால் பூச்சிமருந்து பாட்டில் இருந்தது.

"வெதைக்குக் கலந்தது சார். மறுவெதப்பு வெதச்சேன். எல்லாரும் கலக்குறதுதான்" என்றார் பெத்தன்.

கலப்பார்கள்தான். ஆனால் எல்லாருடைய காட்டிலும் மயில் சாகவில்லையே. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் கோர்ட்டில் நிறுத்துவதாகப் பேச்சு. அப்படி நிறுத்திவிட்டால் ஜாமீன் லேசில் கிடைக்காது என்று ஊரில் சட்டம் தெரிந்தவர்கள், அதாவது எல்லாரும், சொன்னார்கள்.

செத்த மயில்களும் உயிரோடிருந்த பெட்டையும் எங்கள் மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தன. பெட்டையை மலையம்மாளே ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். எங்கள் டாக்டர் நாகப்பட்டினத்துக்காரர், பெயர் நீலாயதாட்சி. அவ்வளவு நீளத்தைச் சொல்ல நேரமில்லாமல் ஊர் அவரை டாக்டரம்மா ஆக்கிவிட்டது. முதலில் பெட்டைக்கு ஊசி போட்டார். பிறகு செத்தவற்றை அறுத்துப் பார்த்தார். தீனிப்பையில் கடலைத் துண்டுகள் இருந்தன. அதோடு கறுப்பாக ஏதோ பூச்சிச் சிதறல். சாணி வண்டாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே தட்டை ஒதுக்கி வைத்தார். கடலை இருக்கிறது என்று தெரிந்ததும் கூட வந்த வனக்காப்பாளர் ரேஞ்சருக்குப் போன் போட்டார். எனக்கும் பெத்தன் கதை முடிந்தது என்றுதான் பட்டது.

ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டர் பெட்டையின் கண்ணைத் திறந்தார். விஷத்துக்குக் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிவிடும், அது விரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"கம்பவுண்டர், டார்ச்சை இப்படிப் பிடிங்க."

பிடித்தேன். மயிலுக்கும் கோழிக்கும் நம்மைப்போல இரண்டு இமை போக, கண்ணின் மூலையிலிருந்து மூடுகிற மூன்றாவது சவ்வு ஒன்று உண்டு. அதை டாக்டர் மெல்ல ஒதுக்கினார். அடியில் வெள்ளை நூல் நூலாக ஏதோ நெளிந்தது.

"ஐயய்யோ, வெசத்துல கண்ணு புழுத்துப்போச்சே!" என்று மலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தாளு நல்லாருப்பானா?"

"இது விஷத்தால வந்தது இல்லைக்கா. இது கண்புழு. ரொம்ப நாளாவே உள்ள இருந்திருக்கு."

சொட்டு விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீர் விட்ட கண்ணாடியில் வைத்தார். உயிரோடு சுருண்டு சுருண்டு நெளிந்தன. நான் கோழிக் கண்ணில் இதைப் பார்த்திருக்கிறேன், மயிலில் அதுதான் முதல் தடவை. டாக்டருக்கு என்ன தோன்றியதோ, செத்த மயில்களின் கண்களையும் திறந்து பார்த்தார். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இருந்தது.

அவர் கையைக் கழுவிக்கொண்டே பேசினார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது. "இந்தப் புழு ஒரு மயில்கிட்டேருந்து இன்னொரு மயிலுக்கு நேரா ஒட்டாது. இதோட முட்டை கண்ணீரோட தொண்டைக்குள்ள இறங்கி, எச்சத்தோட கீழ விழும். அதை ஒரு கரப்பான் திங்கணும். வீட்டுக் கரப்பான் இல்லை, மண்ணுக்குள்ள இருக்குமே, அந்த ஜாதி. அதோட உடம்புலதான் குஞ்சுப்புழு வளரும். அந்தக் கரப்பானை மயில் தின்னா, புழு தீனிப்பையிலேருந்து தொண்டை வழியா மேல ஏறிக் கண்ணுக்குப் போயிடும். வேற வழியே அதுக்குக் கிடையாது."

"அப்ப இதுக கரப்பான் தின்னுருக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டு இல்லை. இவ்வளவு புழு இருக்கணும்னா மாசக்கணக்கா, ஒரே இடத்துல, வயிறு முட்டத் தின்னுருக்கணும். மயில் கடலை மட்டுமே தின்னு வாழுதுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம்."

ஒதுக்கி வைத்த தட்டை மறுபடி இழுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கறுப்புச் சிதறலில் ஒரு காலைப் பிரித்து எடுத்தார். "சாணி வண்டு இல்லை. கரப்பான்தான். கடைசியாத் தின்னதும் இதைத்தான். இவ்வளவு கரப்பான் இந்த ஊர்ல எங்க இருக்கு? உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

மலையம்மாள் பதில் சொல்லவில்லை. அவளைத் தெரிந்த நாளிலிருந்து, கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மடியில் இருந்த பெட்டையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"கரையானுக்கு மருந்து ஊத்துனா கரப்பானும் சாகுமா டாக்டரம்மா?"

"மண்ணுக்குள்ள இருக்கிற பூச்சி எல்லாம் சாகும்."

"செத்ததைத் தின்னா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நேத்துக் காலையில கூட்டுனேன்" என்றாள் மலையம்மாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "பின்கட்டுல மண்ணு தெரியாம மல்லாந்து கெடந்துச்சு. ரெண்டு மொறம். கல்யாண வீடு சுத்தமாகுதுன்னு சந்தோசமா வாரிக் கொட்டுனேன். மொறத்தத் தட்டிக் கூப்பிட்டேன். அம்புட்டும் வந்து தின்னுச்சுக. சாயங்காலம் காணோம். காட்டுப் பக்கம் மேயுதுகன்னு நெனச்சேன்."

பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிதான் அவள் கொட்டியிருப்பாள். ஆட்டைக் கட்டியவளுக்கு, கிணற்றை மூடியவளுக்கு, இது தோன்றவில்லை. கரப்பான் அவளுக்குக் குப்பை இல்லை, தீனி. கரையான் மருந்து கரையானுக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு அன்றுவரை காரணமே இருந்ததில்லை.

டாக்டர் மிச்சம் கிடந்த கரப்பான்களை எடுத்து வரச் சொன்னார். நானே போய்ப் பின்வாசலில் பொறுக்கி வந்தேன். ஒன்றைக் கீறி நுண்ணோக்கியில் வைத்ததும் உள்ளே சுருண்டு கிடந்த குஞ்சுப்புழுவை எனக்கும் காட்டினார். மற்றவற்றையும் மயில்களின் தீனிப்பையில் இருந்ததையும் சென்னைக்கு அனுப்பப் பொட்டலம் கட்டினார். மருந்துப் பரிசோதனை முடிவு வரச் சில வாரம் ஆகும். பெத்தனுக்கு இருந்தது ஒரு ராத்திரி.

மருந்தக வாசலில் நின்று மலையம்மாள் சாலா ஆச்சிக்குப் போன் செய்தாள். அவளுக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, ஸ்பீக்கரில்தான் போடுவாள். அதனால் எனக்கும் கேட்டது. ஆச்சி நல்லவர். திட்டவில்லை.

"முருகா" என்றார். "கல்யாணம் வச்ச வீட்டுல மயிலு செத்துச்சுன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாத்தா நெனைப்பாக? நீ வேணும்னு செஞ்சியா? இல்லைல்ல. ஒண்ணு செய்யி. நீ வாயைத் தொறக்காதே. நான் நல்ல வக்கீலா வச்சு அந்த மனுசனை வெளிய கொண்டாந்துடுறேன்."

"வக்கீலு வந்தா அவரு வெளிய வந்துருவாரு ஆச்சி. நான் தூத்துன மண்ணை யாரு வந்து கூட்டுவா?"

போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வண்டிய எடுங்க கம்பவுண்டரே."

வனச்சரக அலுவலகத்தில் பெத்தன் பெஞ்சின் ஓரத்தில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மலையம்மாள் ரேஞ்சரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

"காலையில நீதானம்மா அழுது புரண்டு சொன்ன, இவர்தான் மருந்து வச்சார்னு? கையெழுத்து வேற போட்டிருக்க."

"போட்டேன் சார். தப்பாப் போட்டுட்டேன்."

"யாராவது மிரட்டினாங்களா? சொந்தக்காரங்க வந்து பேசினாங்களா?"

"யாரும் பேசலை. வாரிக் கொட்டுனது இந்தக் கைதான்."

"அப்படி எழுதினா கேஸ் உன் பக்கம் திரும்பும். தெரிஞ்சுதான் பேசுறியா?"

"அவுக அங்க உக்காந்திருக்காக, நான் இங்க நிக்குறேன். எடத்தை மாத்திவிடுங்க சார்."

ரேஞ்சர் டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். டாக்டர் கண்புழுக்களைச் சிறு புட்டியில் போட்டு, அறிக்கையோடு நேரிலேயே வந்துவிட்டார். ரேஞ்சர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்துனூண்டு புழுவை வச்சு நான் எப்படி மேடம் ஒருத்தரை விடுறது?"

"புழுவை மட்டும் வச்சு இல்லை சார். அது எங்க தேடணும்னு காட்டுச்சு. மீதியை இவங்களே சொல்லிட்டாங்க."

மலையம்மாள், பெத்தன், டாக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்து மறுபடி எல்லாவற்றையும் எழுதினார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை கூப்பிட்டபோது வர வேண்டும் என்று பெத்தனிடமும் மலையம்மாளிடமும் எழுதி வாங்கிக்கொண்டு இருட்டுகிற நேரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். என் வண்டியில் ஏறச் சொன்னேன். பெத்தன் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நிற்கப் போய்விட்டார். மலையம்மாள் பின்னாலேயே ஓடி, "மாமா" என்று கூப்பிட்டாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த முறையைச் சொல்கிறாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் எது அதோடு முடிந்திருக்கிறது? மலையம்மாள் சொன்ன உண்மையை ஒருத்தரும் நம்பவில்லை. அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுததைக் கண்ணால் பார்த்தவர்கள், மண்ணை வாரியதைப் பார்த்தவர்கள். அதற்குப் பக்கத்தில் கரப்பான், கண்புழு என்பதெல்லாம் யாருக்கு ஏறும்? "பாவம் பாத்து மாத்திச் சொல்லிட்டா" என்றார்கள் சிலர். "ஆச்சி வீட்டுல பேசி முடிச்சுட்டாக" என்றார்கள் மற்றவர்கள். நான் டீக்கடையில் புழுவின் பிறப்பு வளர்ப்பை எல்லாம் விளக்கிப் பார்த்தேன். "கம்பவுண்டருக்கு எம்புட்டுக் குடுத்தாக?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பெத்தன் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

மலையம்மாள் அவர் வீட்டுக்குப் போனாள். நாகஜோதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா சாப்புட்டே ரெண்டு நாளாகுது. என்னத்தைச் சொல்ல வந்திருக்கீக?"

"தப்பு எம்மேலதான்னு சொல்ல வந்தேன் தாயி."

"நீங்க கொன்னாருன்னு சொன்னப்ப ஊரே நம்புச்சு. இப்ப இல்லங்குறீக. யாரு நம்புறா? எங்கப்பன் சாகுற வரைக்கும் மயிலுக்கு மருந்து வச்சவருதான்."

மலையம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் திரும்பி வந்தாள். அதை நான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் பெத்தனின் கடலைக்காட்டு வரப்பில் ஒரு தகரத்தையும் குச்சியையும் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். செத்தது போக, வேறு பக்கத்திலிருந்து மயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்று இறங்கினாலும் தகரத்தை அடித்துக்கொண்டு ஓடினாள். பாதையில் போகிறவர்கள் நின்று, என்ன கூத்து என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "மயிலைக் கொன்னது நான். இவுக இல்ல. எங் கையால கரப்பானைப் போட்டுக் கொன்னேன்." பஸ்ஸுக்குப் போகிறவர்களிடம் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள், சைக்கிளில் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம்கூடச் சொன்னாள். தினமும் வீட்டு வேலை தொடங்குவதற்கு முன்னால் அங்கே நின்றாள், முடித்த பிறகும் நின்றாள். சிலர் பைத்தியம் என்றார்கள். ஒரு வாரம் போன பிறகு அப்படிச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். சென்னையிலிருந்து அறிக்கை வந்து, கரப்பானிலும் மயில்களின் தீனிப்பையிலும் இருந்தது கரையான் மருந்துதான் என்று உறுதியானதும் காகிதத்தில் பெத்தனின் பெயர் சுத்தமானது. மலையம்மாளை இன்னமும் அவ்வப்போது கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். போய் வருகிறாள்.

பெத்தன் அவளிடம் பேசவில்லை. காட்டுக்கு வருவார், களை எடுப்பார், அவள் நிற்கும் வரப்பை விட்டு வேறு வரப்பில் திரும்பிப் போவார்.

சாலா ஆச்சி வீட்டுக் கல்யாணம் காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மயில் செத்த வீட்டில் நடத்த மாப்பிள்ளை வீட்டில் சம்மதிக்கவில்லை என்று கேள்வி. அந்த வீட்டுப் பெண்ணுக்கு வெளியே நடந்த முதல் கல்யாணம் அது. மாதக்கணக்காக மலையம்மாள் தேய்த்து வைத்த பித்தளைப் பாத்திரங்கள் அறைக்குள்ளேயே இருந்துவிட்டன. ஆச்சி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதை நான் ஆச்சிக்கு வரவு வைப்பேன். ஒரு பட்டுச்சேலையும் கொடுத்து, காரும் அனுப்பினார். மலையம்மாள் காரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கல்யாணத்தன்று காலையில் நான் கடலைக்காட்டுப் பக்கம் போனபோது அவள் பழைய சேலையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். செடி முழங்காலுக்குக் கீழே பூத்து நின்றது. தூரத்தில் பெத்தன் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது சுவர் மேலிருந்து அந்தப் பெட்டை இறங்கியது. பிழைத்த பெட்டை. கண் குணமாகி வனத்துறையார் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மற்ற மயில்போல அது தகரத்துக்குப் பயப்படவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, செடிகளுக்குள் நடந்து, நேரே மலையம்மாளை நோக்கி வந்தது. அவள் தகரத்தைத் தட்டினாள். அது இன்னும் வேகமாக வந்தது. முறத்தைத் தட்டுகிறாள் என்று நினைத்ததோ என்னவோ.

"போடி!" என்று கத்தினாள். "வராதடி எங்கிட்ட! போ!"

அது அவள் காலடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. மலையம்மாள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். ஓங்கினாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. எறிந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நான் கத்த வாயெடுப்பதற்குள் காட்டின் அந்தக் கோடியிலிருந்து பெத்தனின் குரல் வந்தது.

"ஏத்தா! கல்லைக் கீழ போடு."

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தார்.

"அது செத்துத் தொலைஞ்சா இப்பவும் என்னையத்தான் ஜீப்புல ஏத்துவாக."

அன்று ஜீப்பில் போய்த் திரும்பி வந்த பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. மலையம்மாள் கல்லைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். பெட்டை கொஞ்ச நேரம் அவளைச் சுற்றிப் பார்த்தது. பிறகு பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கொத்தித் தின்றது. பெத்தன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அதை விரட்டாமல் மறுபடி களைக்குக் குனிந்தார்.